பெரிய கப்பலா, சின்னக் கப்பலா?



கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் ஏறாதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். பொதிகை, குகன், விவேகானந்தா என்று மூன்று படகுகள், ஒவ்வொன்றிலும் 150 பேர். கரையிலிருந்து பாறைக்கு அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். இந்தப் படகுகளை ஓட்டும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் 1974-இல் தொடங்கியது. மின்வாரியத்துக்கு நிலக்கரி சுமப்பதுதான் அதன் முக்கியமான வேலை. தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று பெரிய பெரிய கப்பல்களை வைத்திருந்த கழகம் அது. ஆனால் நம்ம ஊர்க்காரனுக்குப் பூம்புகார் என்றால் சீறும் அலையில் ஆடி ஆடிப் போகிற அந்தப் படகுதான்.

பாறையிலிருந்து பக்கத்துப் பாறைக்கு, அதாவது திருவள்ளுவர் சிலைக்கு, கூப்பிடு தூரம். ஆனாலும் கடல் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டால் சிலைக்குப் படகு கிடையாது என்று பலகை வைத்துவிடுவார்கள். சுற்றிலும் கடல், படகு மிதக்கத் தண்ணீர் இல்லை! கடைசியில் 2024 டிசம்பர் 30-இல் 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. தாமிரபரணி, திருவள்ளுவர் என்று சொகுசுப் படகுகள் இரண்டும் வாங்கினார்கள் அல்லவா? அவை வந்த பிறகும் ஓடுவதற்கு நாளாயிற்று. 2023 மே மாதம்தான் அவற்றை வைத்து வட்டக்கோட்டைக்குச் சுற்றுலாப் பயணம் ஆரம்பித்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1993-இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளைகளின் குழுவில் ஒரு வாரமாக ஒரே தர்க்கம். எல்லோரும் சேர்ந்து கப்பலில் போய்வர வேண்டுமாம். குவைத்தில் இருக்கிறவன், ‘போனால் நீச்சல் குளமும் நாடக அரங்கும் உள்ள பெரிய கப்பலில்தான் போகணும்’ என்கிறான். கீரிப்பாறைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிற சின்னக் கப்பல் போதும் என்கிறாள். ‘சின்னக் கப்பலில் என்ன இருக்கு? பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துட்டுப் போகணும்’ என்று இவன் கேலி பண்ணுகிறான். ‘சார் என்ன சொல்றீங்க?’ என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் சமூக அறிவியல் எடுத்தவன்.

கப்பலின் அளவு என்பது நம்ம கடற்கரையில் பயணியின் வசதியைப் பார்த்து முடிவானதே இல்லை. கரையோரத்துத் தண்ணீரின் ஆழமும் டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவன் யார் என்பதும்தான் அதை முடிவு பண்ணின. முதலில் ஆழத்தைப் பார்ப்போம்.

குளச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 1741 ஆகஸ்ட் 10 என்று வகுப்பில் எத்தனை தடவை எழுதிப் போட்டிருப்பேன்! டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்த இடம். பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானது உங்களுக்குத் தெரிந்த கதை. அந்தக் கதையில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. டச்சுக்காரன் எவ்வளவு பெரிய கப்பலில் வந்தாலும் குளச்சலில் அதைக் கரையில் கட்ட முடியாது. திறந்த கடல், துறைமுகச் சுவர் ஒன்றும் இல்லை. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் பீரங்கியும் அரிசி மூட்டையும் சின்னப் படகில்தான் கரைக்கு வரும். அடுத்து வந்த நூற்றாண்டுகளிலும் குளச்சலின் வியாபாரம் அப்படித்தான் நடந்தது. கப்பல் வெளியே, வள்ளம் இடையே, கரையில் தலைச்சுமை.

சென்னையின் கதையும் இதுதான். அங்கே துறைமுகம் கட்டும் வேலை 1875-ஐ ஒட்டித்தான் ஆரம்பித்தது. 1881 புயலில் கட்டியதில் பெரும்பங்கு போனது. அதுவரைக்கும் கவர்னர் துரையானாலும் சரி, அவர் வீட்டு அம்மாளானாலும் சரி, கப்பலிலிருந்து மசூலாப் படகில் இறங்கித்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை. தேங்காய் நார்க் கயிற்றால் தைப்பார்கள். அலை அறைந்தால் ஆணி அடித்த பலகை பிளந்துவிடும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும். பல ஆயிரம் மைல் கடந்து வந்த கப்பலுக்குக் கடைசி அரை மைலைக் கடக்கத் தெரியாது. அதற்கு நம்ம கரைக்காரன் வேண்டும், அவன் தைத்த படகு வேண்டும்.

இன்னும் சின்னதாகப் போனால் நம்ம அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். ஏ.வி.எம். கால்வாய் என்றால்தான் உங்களுக்குப் புரியும். 1860-ஐ ஒட்டி வெட்டத் தொடங்கியது. பத்மநாப சுவாமி, விக்டோரியா ராணி, மார்த்தாண்ட வர்மா ராஜா, மூன்று பேரையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். யாருக்கும் மனக்குறை வரக்கூடாதே! திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் தண்ணீர் வழி என்பது திட்டம். பூவாற்றிலிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு வரைதான் வந்தது. வள்ளத்தில் உப்பும் கருவாடும் தேங்காய்த் தொண்டும் போயின, ஆட்களும் போனார்கள். கழுக்கோல் ஊன்றித் தள்ளுகிற வள்ளத்துக்கு இடுப்பளவு தண்ணீர் போதும். ரயில் நம்ம மாவட்டத்துக்கு வந்ததே 1979-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வள்ளத்தின் அருமை தெரியும். இன்றைக்குக் கால்வாய் பல இடங்களில் குப்பைக்குழியாகக் கிடக்கிறது. அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

சரி, இனிப் பெரிய கப்பலுக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ‘மலாயாப் பாட்டா’ என்று ஒருவர் இருந்தார், என் அப்பாவுக்குப் பெரியப்பா. தக்கலைப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதப் பினாங்குக்குப் போனவர். போன கப்பல் ரஜூலா. இந்தப் பெயரைச் சொன்னால் தஞ்சாவூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரைக்கும் ஓடியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஒரே கப்பல், ஒரே தடம்.

நாகப்பட்டினத்திலும் கப்பல் கரைக்கு வராது. பாட்டா சொல்வார்: படகில் கூட்டிக்கொண்டு போவார்கள், கப்பலின் பக்கத்தில் போய் நின்றதும் படகு ஒரு ஆள் உயரம் மேலே போகும், ஒரு ஆள் உயரம் கீழே வரும், மேலே போகிற நேரம் பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டும், தாமதித்தால் அடுத்த அலைக்குத்தான். அவருக்கு முன்னால் போனவரின் தகரப் பெட்டி கடலில் விழுந்துவிட்டதாம். ‘மலாயாவுக்குப் போறதுக்கு முன்னாடியே அவன் சொத்து பூரா போச்சு மக்கா’ என்று சிரிப்பார்.

ரஜூலா எட்டாயிரத்துச் சொச்சம் டன். ஆரம்ப காலத்தில் அதற்கு 5,000-க்கும் மேலே பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. பெரும்பாலும் டெக் பயணிகள். அதாவது அறை கிடையாது, கட்டில் கிடையாது. மேல்தளத்திலோ இரண்டு தளங்களுக்கு நடுவிலோ பாய் விரித்த இடம்தான் உங்கள் இடம்.

இங்கே கொஞ்சம் கணக்கு. பயணிகள் கப்பலுக்கு டன் என்று சொல்வது எடை அல்ல, கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. பழைய கணக்கில் 100 கன அடி ஒரு டன். இப்போது கணக்கிடும் முறை மாறியிருக்கிறது, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். மொத்த டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் என்று கிடைத்துவிடும். ரஜூலா நிறைந்து போனால் தலைக்கு ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே, 160 கன அடி சொச்சம். நம்ம வீட்டு இரும்பு பீரோ ஐந்தை அடுக்குகிற இடம். அதிலும் எஞ்சின், சமையலறை, சரக்கறை எல்லாம் கழிய வேண்டும்.

இப்போது உலகத்திலேயே பெரிய சொகுசுக் கப்பல்களில் ஒன்றான ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலை எடுங்கள். 2024-இல் ஓடத் தொடங்கியது. 2,48,000 டன்னுக்கு மேலே, நிறைந்து போனால் ஏறக்குறைய 7,600 பயணிகள். தலைக்கு 32 டன். அடுத்து 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து நம்ம முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய எம்ப்ரஸ். 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரோடு ஓட ஆரம்பித்த கப்பல் அது. 48,563 டன், ஆட்கள் இரண்டாயிரம் என்று வைத்தாலும் தலைக்கு 24 டன். இனி ஒரு சின்னக் கப்பல். லின்ட்பிளாட் எக்ஸ்புளோரர் என்று 1969-இல் தென்துருவப் பகுதிக்குச் சுற்றுலாப் போவதற்கென்றே கட்டினார்கள். சுமார் 2,400 டன், சுமார் 100 பயணிகள். வகுத்துப் பாருங்கள், 24! இருபது மடங்கு பெரிய கப்பலிலும் இதிலும் ஒரு ஆளுக்கு அதே இடம்தான்.

ஆகவே குவைத்துத் தம்பி, கப்பல் பெரிது என்பதால் உனக்கு இடம் பெரிது என்று அர்த்தம் இல்லை. ரஜூலா நம்மவர்கள் கண்ணுக்கு மலை மாதிரி இருந்தது. அதில் ஏறினவனுக்குப் பாய் அளவுதான் இடம். ஆனாலும் மலாயாப் பாட்டா அந்த ஆறேழு நாளைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த பட்டுக்கோட்டைக்காரர் சாகிற வரைக்கும் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

ரஜூலாவுக்குப் பிறகு இந்தியக் கப்பல் கழகத்தின் எம்.வி. சிதம்பரம் அந்தத் தடத்தில் ஓடியது. முன்பு பிரெஞ்சுக்காரர்களின் பாஸ்டர் என்ற கப்பல், ரஜூலாவைவிடப் பெரியது, அறைகளும் அதிகம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு சென்னை–சிங்கப்பூர் பயணிகள் கப்பல் என்பதே முடிந்துபோயிற்று. விமானத்துக்கும் கப்பலுக்கும் டிக்கெட் விலை நெருங்கிவிட்ட காலம் அது. தீ பிடித்திராவிட்டாலும் ரொம்ப நாள் ஓடியிருக்காது என்பது என் எண்ணம்.

காசு கொடுப்பவன் யார் என்றேனே, அதற்கு வ.உ.சி.யை விட்டால் வேறு உதாரணம் இல்லை. 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. ஒரு பங்கு 25 ரூபாய், 40,000 பங்குகள். 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓட்டம். வெள்ளைக்காரக் கம்பெனி என்ன பண்ணியது? கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன், குடையும் தருகிறேன் என்றுகூடச் சொன்னதாக வரலாறு. பெரிய கம்பெனிக்கு நஷ்டம் தாங்கும், சின்னக் கம்பெனிக்குத் தாங்காது. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் கம்பெனியைக் கலைத்தார்கள். அந்தக் குடையை வாங்கிக்கொண்டு அந்தக் கப்பலில் ஏறியவர்களும் நம்மவர்கள்தான். கோபப்பட்டு என்ன செய்ய? அன்றாடக் கூலிக்காரனுக்கு ஒரு ரூபாய் பெரிய காசு.

அடுத்து தனுஷ்கோடி. எனக்கு மிகவும் பிடித்த கப்பல் பாதை இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். சென்னை எழும்பூரில் போட் மெயிலில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிற கப்பலில் ஏறி, 35 கிலோமீட்டர் கடலை இரண்டு மணி நேரச் சொச்சத்தில் கடந்து, தலைமன்னாரில் மறுபடியும் ரயில் ஏறிக் கொழும்பு போய்ச் சேரலாம். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர்கள் முதல் கப்பல்களுக்கு. பிறகு இர்வின், கோஷன். ரஜூலாவோடு ஒப்பிட்டால் இவை சின்னக் கப்பல்கள். அறை போட்டுத் தூங்குவதற்கு நேரமே கிடையாது. ஏறினால் இறங்க வேண்டியதுதான். இங்கே நீச்சல் குளம் எதற்கு? ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் மண்டபம் முகாமில் தடுப்புக்காவல் மாதிரி நாட்கணக்கில் இருக்க வேண்டும்; நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஏற்றுவார்கள். டிக்கெட் வாங்கிப் போகிற வியாபாரிக்கு ஒரு வழி, கங்காணியோடு போகிறவனுக்கு ஒரு வழி.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் என்ற கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது. அதே 1964-இல்தான் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தமும் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் பல லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு சர்க்கார்களும் பேசி முடித்துவிட்டன. மூன்று, நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தவர்களைத் திருப்பி அனுப்பிய கப்பல் இந்த ராமானுஜம்தான். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நம்ம மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். அரசு ரப்பர் கழகம் 1984-இல் உருவானதன் ஒரு நோக்கமே அவர்களுக்கு வாழ்வு கொடுப்பது. கீரிப்பாறைப் பக்கம் போய்ப் பாருங்கள், தெரியும்.

அந்த மலையோரத்துப் பள்ளி ஒன்றில் நான் சில வருஷம் வேலை பார்த்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா, பாடப்புத்தகத்தில் கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இதவிடச் சின்னது சார் நாங்க வந்தது’ என்றார். அதுவரைக்கும் அவர் கடலைப் பார்த்ததே இல்லை. பிறந்தது ஹட்டன் பக்கம் மலையில். ‘கடல் இவ்வளவு சின்னதா இருக்கும்னு நெனைக்கல சார். காலையில ஏறினோம், சோறு ஆறறதுக்குள்ள இந்தியா வந்துட்டு. அவ்வளவு கிட்டத்துல இருக்குற ஊருக்குத் திரும்பிப் போக முடியலையே’ என்றார். 1980-களில் அங்கே சண்டை மூண்டு அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. கடல் அதே 35 கிலோமீட்டர்தான்.

குழுவில் நாகப்பட்டினம் கப்பலைச் சொன்ன பிள்ளை அந்த அம்மாவின் மகள். சிக்கனத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக் கேலி பண்ணியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன், பெயர் போடவில்லை.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலைப் பற்றி: 2023 அக்டோபர் 14-இல் செரியபாணி என்ற கப்பலை வைத்து ஆரம்பித்தார்கள், ஒரு வாரத்துக்குள் மழைக்காலம் என்று நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. 150 இருக்கைகள். கன்னியாகுமரிப் படகில் எத்தனை பேரோ அத்தனை பேர்தான், ஆனால் அரைக் கிலோமீட்டருக்குப் பதில் நூறு கிலோமீட்டருக்கு மேலே. நானும் என் வீட்டு அம்மாவும் போய்வந்தோம். சுமார் நாலு மணி நேரம். தம்பி சொல்வது சரிதான், பஸ் மாதிரி இருக்கைகள்தான். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள். பிறகு கப்பல் ஆட ஆரம்பித்ததும் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் பையைப் பிடித்துக்கொண்டே வந்தார். யாழ்ப்பாணத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிற திருச்சிக்காரர் ஒருவர், முறுக்கு டின்னோடு வந்தவர், வழியெல்லாம் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். இறங்குகிற இடத்தில் வரிசை சின்னது. அதிகாரி ‘எந்த ஊர்?’ என்று தமிழில் கேட்டார். ‘நாகர்கோவில்’ என்றேன். ‘ஓ, கன்னியாகுமரிப் பக்கமோ’ என்றார். என் வீட்டு அம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

பெரிய கப்பலிலும் போயிருக்கிறேன். மகன் சிங்கப்பூரில் இருந்தபோது மூன்று இரவுப் பயணத்துக்கு ஏற்றிவிட்டான். குறை சொல்ல மாட்டேன். ஆட்டம் தெரியாது, முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், தோசை கேட்டால் தோசை. நடக்க முடியாதவர்களுக்கு உலகம் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இரண்டாம் நாள் மாலை என் பேத்தி கேட்டாள், ‘தாத்தா, கடல் எந்தப் பக்கம்?’ ஒரு பெரிய வணிக வளாகத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம். புக்கெட்டில் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டது. டோக்கன் வாங்கி, காத்திருந்து, சின்னப் படகில் இறங்கிக் கரைக்குப் போனோம். படகு அலையில் தூக்கிப் போட்டபோது எனக்கு மலாயாப் பாட்டா நினைவு. தகரப் பெட்டிதான் இல்லை. தண்ணீருக்கு அடியில் 9 மீட்டர் வரைக்கும் இறங்கி நிற்கிற கப்பலை எந்தக் கரையிலும் கொண்டுபோய் ஒட்ட முடியாது, அது எந்தக் காலமானாலும்.

வேறு நாடுகளும் இப்போது இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டன. வெனிஸ் நகரத்துக் கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வரக்கூடாது என்று 2021-இல் தடை போட்டார்கள். அன்டார்க்டிகாவில் 500-க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் ஆட்களைக் கரையில் இறக்கவே கூடாது. சின்னக் கப்பலானாலும் ஒரு நேரத்தில் 100 பேர்தான் கரையில் நிற்கலாம். பெரிய கப்பலில் போகிறவன் பனிமலையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பாதுகாப்பு எது என்று சில அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். அளவை வைத்து அதைச் சொல்ல முடியாது. 1924 ஜனவரியில் நம்ம திருவிதாங்கூரிலேயே, பல்லனையில் ரெடீமர் என்ற படகு கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் இறந்தார். படகில் அளவுக்கு மிஞ்சிய கூட்டம். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் படகு சரிந்து 45 பேர் போனார்கள். இவை சின்னவை. பெரியதில் டைட்டானிக் எல்லோருக்கும் தெரியும்: கப்பலில் 2,200 பேர், உயிர்காக்கும் படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஒரு தீவுக்கு ரொம்பப் பக்கத்தில் போய்ப் பாறையில் மோதி 32 பேரை இழந்தது. மேலே சொன்ன எக்ஸ்புளோரரும் 2007-இல் அன்டார்க்டிகாவில் மூழ்கியது. ஆனால் 154 பேரும் படகுகளில் இறங்கிப் பிழைத்துக்கொண்டார்கள். ஆட்களை எண்ணி ஏற்றினார்களா, உயிர்க்கவசம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா, கடல் சரியில்லை என்றால் பயணத்தை ரத்து செய்கிற தைரியம் நடத்துகிறவனுக்கு உண்டா, இதைத்தான் பார்க்க வேண்டும். கன்னியாகுமரியில் ‘இன்று படகு இல்லை’ என்று சொன்னால் சண்டை போடுகிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நீங்கள் எதில் போனாலும் எனக்குச் சம்மதம். ஆனால் கீரிப்பாறை அம்மா மகளோடு காங்கேசன்துறை போகிறார், அது முடிவாகிவிட்டது. அங்கிருந்து கொழும்புக்கு ரயில், கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு இன்னொரு ரயில். கூடப் போக விரும்புகிறவர்கள் குழுவில் பெயர் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலோ, முடிந்து பிப்ரவரிக்குப் பிறகோ வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கடலை நம்பி லீவு போட வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், இரண்டு இட்லி போதும், சுக்கு மிட்டாய் கையில் இருக்கட்டும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஜன்னல் ஓரத்து இருக்கையை அவருக்கு விட்டுவிடுங்கள்.